கடல் கொல்லை

அறுபத்து நாலாம் வருஷம், ஏப்ரல் மாதத்துப் புழுக்கம். மாட்டுங்காவில் எங்கள் சித்தி குடியிருந்த மூன்று மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடி. தண்ணீர்த் தொட்டிக் குழாயில் ஒரு கறுப்புக் கொடியைக் கட்டிவிட்டு, ஒரு கூஜா நன்னாரி சர்பத்தோடு நான் கடற்கொள்ளையர்களுக்காகக் காத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலு மணி. எனக்கு வயது இருபத்து மூன்று. ஜுரம் எதுவும் இல்லை.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொன்னால்தான் விளங்கும்.

அப்பா ராணுவத்தில் ஹவில்தார். ஜபல்பூர், ஜான்சி, அம்பாலா, மறுபடி ஜபல்பூர் என்று சுற்றினோம். நான் வளர்ந்த ஊர்களில் புழுதி இருந்தது, பரேடு மைதானம் இருந்தது, சுண்ணாம்பு அடித்த கற்கள் வரிசை பிசகாமல் இருந்தன. கடல் மட்டும் இல்லை. விசில் ஊதினால் எழுவோம், விசில் ஊதினால் சாப்பிடுவோம், விளக்கை அணைக்கவும் ஒரு விசில் உண்டு. அப்படி வளர்ந்தவள் விசிலுக்கு அடங்காத மனிதர்கள்மேல் ஆசைப்பட்டதில் என்ன ஆச்சரியம்? முகாம் நூலகத்தில் அட்டை கிழிந்த ஒரு தடிப் புத்தகம் கிடைத்தது. முழுக்கக் கடற்கொள்ளையர் கதை. பத்து வயதில் படித்தேன். அன்றைக்கே கப்பலேறிவிட்டேன், இன்றுவரை இறங்கவில்லை.

பம்பாய்க்கு வந்தபோது டைப்பிஸ்ட் வேலைக்கு மூன்று இடத்தில் கூப்பிட்டார்கள். கப்பல் கம்பெனியைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு வருஷத்தில் அங்கே நான் பார்த்த ஒரே கப்பல், மானேஜர் தலைக்கு மேலே தொங்கிய காலண்டரில் இருந்தது. பரவாயில்லை. ஞாயிறு காலையில் படகுத்துறைக்குப் போய்ப் பாய்மரங்களை எண்ணிவிட்டு வருவேன். மாலுமிகள் போடும் முடிச்சுகளைப் படம் பார்த்துப் பழகி, சித்தி வீட்டுத் துணிக்கொடியில் போட்டுவைப்பேன். அவற்றை அவிழ்க்க என்னைத் தவிர யாராலும் முடியாது. சித்தப்பா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார். "கொள்ளைக்காரி, பால் வாங்கிண்டு வந்தாச்சா?" என்றுதான் காலை விடியும். கொள்ளைக்காரி படுக்கையை மட்டும் ராணுவ முறைப்படி, நாலு மூலையும் கத்தி மாதிரி மடித்துவிட்டுத்தான் பால் வாங்கப் போவாள்.

ஆபீஸில் மதியம் டிபன் டப்பாவைத் திறந்ததும் ஆரம்பித்துவிடுவேன். கொள்ளையர் கப்பலில் தலைவனுக்கும் ஒரு ஓட்டு, சமையல்காரனுக்கும் ஒரு ஓட்டு, தெரியுமா? கை போனவனுக்கு இவ்வளவு, கால் போனவனுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே பேசி வைத்திருப்பார்கள், தெரியுமா? எல்லோருக்கும் ரொம்பப் பிடித்தது பலகைக் கதை. பிடிபட்டவனைக் கப்பல் விளிம்புக்கு வெளியே நீட்டிய பலகையில் நடக்கவிடுவார்கள். அடிக்கு அடி பலகை வளையும். கீழே கடல். இரண்டு மேஜைக்கு நடுவே ஸ்கேலை வைத்து, இரண்டு விரல்களை அதன்மேல் நடக்கவிட்டுக் காட்டுவேன். கடைசியில் விரல்கள் யாருடைய ரசம் சாதத்திலாவது தொப்பென்று விழும். சிரிப்பார்கள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவியதும் மறந்துவிடுவார்கள். எனக்கோ, மறக்காத ஆட்கள் வேண்டியிருந்தார்கள்.

அதனால்தான் அந்த விளம்பரம். ரயில் நிலையத்துக்கு எதிரே பேப்பர் கடைத் தூணில் 'ரூம் காலி', 'வீணை கற்றுத் தரப்படும்' என்றெல்லாம் சீட்டு ஒட்டுவார்கள். நானும் ஒன்று எழுதி ஒட்டினேன். தமிழிலேயே எழுதினேன். பள்ளிக்கூடத்தில் ஹிந்தியும் இங்கிலீஷும் படித்தவள் நான். தமிழ் எழுத்தைப் பம்பாய்க்கு வந்த பிறகு மாட்டுங்காக் கடை போர்டுகளைப் பார்த்துத்தான் கற்றேன். ல, ள, ழ மூன்றும் எனக்கு ஒரே ரெஜிமெண்டின் மூன்று சிப்பாய்கள். யூனிபாரம் தெரியும், யார் எவர் என்று தெரியாது. நான் எழுதியது இதுதான்:

'கடல் கொல்லை விஷயத்தில் ஆர்வம் உள்ளவர்கள் ஞாயிறு மாலை நாலு மணிக்கு மொட்டை மாடிக்கு வரவும். ஆண், பெண் யாரும் வரலாம். சொந்த அனுபவம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை.'

கீழே விலாசம். கடைசி வரி நான் ரசித்து எழுதிய நகைச்சுவை.

ராணுவத்துக்கும் கடற்கொள்ளையருக்கும் பொதுவான ஒரே விஷயம் ரம். பம்பாயிலோ மதுவிலக்கு. அதனால்தான் நன்னாரி. ஆறு வாரம் உட்கார்ந்து தைத்த கொடி தலைக்கு மேலே படபடத்தது: கறுப்புச் சாட்டின் துணியில், சித்தியின் தலையணை உறையிலிருந்து வெட்டிய மண்டையோடும் இரண்டு எலும்பும். பல் தைக்கும்போது ஊசி கோணி, மண்டையோடு எதையோ நினைத்துச் சிரிப்பது போல் அமைந்துவிட்டது.

முதலில் வந்தவர் பக்கத்துக் கட்டட மாமா. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ரிடையர் ஆனவர். குடையை ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்: "ஏம்மா, கடலோரத்துல கொல்லை இருக்குன்னு போட்டிருந்தியே, எந்தப் பக்கம்? தென்னை வெச்சிருக்கோ? கெணத்துத் தண்ணி உப்புக் கரிக்குமோ?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கப்பல், பீரங்கி, புதையல் என்று நான் ஏதோ சொன்னேன். அவருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, உள்ளங்கையில் ஒரு 'ல' எழுதினார், பக்கத்தில் ஒரு 'ள' எழுதினார். நாலு தென்னையும் ஒரு கிணறுமாக ஒரு கொல்லைக்கு முப்பது வருஷம் பம்பாயில் ஏங்கிய மனுஷர். கோபித்துக்கொண்டு போயிருக்கலாம். தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். சிரித்துக்கொண்டே ஒரு டம்ளர் சர்பத் கேட்டார்.

அப்போதுதான் அவள் வந்தாள். என் வயதுதான் இருக்கும். ஏழு மாத வயிறு. மூன்று மாடியும் ஏறி வந்த மூச்சு. அடுத்த தெருவில் இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறவள், இருப்பது தாராவியில். வந்தவள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றாள்.

"கடல் கொல்லைக் கூட்டம் இங்கனதானக்கா?"

நான் தலையசைத்தேன்.

"அனுபவம் இருக்கவங்களுக்குத்தான் மொதல் எடம்னு எழுதிப் போட்டிருக்காம்லா. ஏழு வருசமா காடிக்கரைக்குத்தான் போறோம். எங்களவிட அனுபவம் ஆருக்கு இருக்கு?"

காடி என்று அங்கே சொல்வது, கடல் உள்ளே புகுந்து வரும் சேற்றுக் கழியை. அவள் ஊர்ப் பக்கம் 'வெளிக்குப் போறது' என்றுதான் சொல்வார்களாம். வேலை செய்யும் வீடுகளில் 'கொல்லைக்குப் போறது' என்பார்கள். சீட்டை வாசித்துச் சொன்னதும் அதில் ஒரு வீட்டு அம்மாதான். கடலோரத்துக்குக் கொல்லைக்குப் போகிறவர்களைக் கூப்பிட்டுப் பேசப்போகிறார்கள். அதிலும் பெண்கள் வரலாம். அதிலும் அனுபவசாலிக்கு முதல் இடம். வேறு எப்படித்தான் புரிந்துகொள்வது?

மாமா மேகத்தைப் பார்க்க ஆரம்பித்தார். என் காது இரண்டும் சுட்டன. பிழை என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கொடியை அண்ணாந்து பார்த்து, "இது ஆருக்கா, சோறு தண்ணியில்லாம கெடந்தவன் கணக்கா? ஆனா சிரிக்கான்" என்றாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, வந்த விஷயத்தைச் சொன்னாள்.

"போன மழையில பக்கத்துக் குடிசக்காரி காடிக்குப் போற பலகையில வழுக்கி விழுந்தா. பிள்ள தங்கல. எனக்கு ஆனியில நாள் சொல்லியிருக்காவ. மழைக்கு முன்ன எதாச்சும் செய்வியளாக்கா?"

செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. மூன்று மாடி ஏறி வந்தவளிடம், மன்னிக்கணும், அது எழுத்துப் பிழை என்று எப்படிச் சொல்வது?

சனிக்கிழமை ஆபீஸ் அரை நாள். மத்தியானம் தாராவிக்குப் போனேன். சந்து முடிகிற இடத்தில் சேறு. சேற்றுக்கு மேலே, நட்டுவைத்த மூங்கில்களின்மேல் மூன்று பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாக நீண்டு போயின. கடைசியில் கோணி கட்டிய ஒரு மறைவு. கயிற்றுக் கட்டுகள் படுமோசம். எந்த மாலுமியும் கப்பலிலிருந்து இறக்கிவிட்டிருப்பான். நான் நடந்து பார்க்கிறேன் என்றேன். கரையில் நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கீழ பாக்காதிய. எதுத்தாப்புல பாத்துப் போங்க" என்று பின்னாலிருந்து அவள் சொன்னாள்.

முதல் பலகை சும்மா இருந்தது. இரண்டாவது பலகை நடுவில் வளைந்தது. அடிக்கு அடி வளைந்தது. அந்த நொடியில் எனக்கு ஆபீஸ் மேஜை தெரிந்தது, ஸ்கேல் தெரிந்தது, அதன்மேல் நடக்கும் என் இரண்டு விரல்கள் தெரிந்தன. விரல்களைப் போலவே தொப்பென்று விழுந்தேன். இடுப்புவரை கறுப்புச் சேறு.

அவள் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் என்னை இழுத்துப் போட்டாள். கரையில் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் குடத்துத் தண்ணீரை ஊற்றி அவர்கள் என்னைக் கழுவிவிட்டபோது என் சிரிப்பு நின்றுபோயிருந்தது. இவர்கள் கையை எவனும் கட்டவில்லை. முதுகில் எவனும் கத்தி வைக்கவில்லை. ஆனாலும் தினம் விடியுமுன், ஒருத்தி பின் ஒருத்தியாக, வயிற்றில் பிள்ளையோடு, அந்தப் பலகையில் நடந்தார்கள். நான் அதைச் சொல்லித்தான் ரசம் சாதத்துக்கு நடுவே கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்தேன்.

என்ன செய்யலாம் என்று அவர்கள் கேட்டபோது, பதில் எனக்குள்ளேயே இருப்பது தெரிந்தது. இருந்ததை நான்தான் ஒளித்து வைத்திருந்தேன்.

படை ஓர் இடத்தில் முகாம் போட்டால், கூடாரத்துக்கும் முன்னால் தோண்டப்படுவது கழிப்பிடக் குழி. சமையல் கூடத்திலிருந்து எத்தனை தப்படி, எவ்வளவு ஆழம், நிலத்தடித் தண்ணீர் மேலே இருந்தால் மேட்டில் எப்படி எழுப்புவது, ஒவ்வொரு தடவையும் எவ்வளவு சாம்பல் போடுவது... இதையெல்லாம் அளந்து, ஆள் வைத்துச் செய்து முடிப்பதுதான் அப்பாவின் வேலை. சாப்பிடும்போதுகூட அதைப் பற்றியே பேசுவார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பள்ளிக்கூடத்தில் என் அப்பா பீரங்கிப் படை என்று சொல்லிவைத்திருந்தேன். பம்பாயிலும் அப்படியே. யோசித்துப் பார்த்தால், கடற்கொள்ளையர் பேச்சை இவ்வளவு சத்தமாக நான் பேசியதே, அப்பாவைப் பற்றி யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதற்காகவும்தானோ என்னவோ.

ஈர மண்ணில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினேன். அடி வெட்டிய தார் டிரம்களை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிச் சுற்றிலும் மண் மேடு போட வேண்டும். மேலே பலகை, சுற்றிலும் தகரம். ஒன்று நிறைந்தால் மண் போட்டு மூடிவிட்டு அடுத்தது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதெல்லாம் ஒங்களுக்கு எப்பிடிக்கா தெரியும்?"

"எங்க அப்பாவுக்கு மிலிட்டரியில இதுதான் வேலை" என்றேன். இருபத்து மூன்று வருஷத்தில் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன்.

"அப்பம் பெரிய உத்தியோகம்லா" என்றாள் அவள். கிண்டல் இல்லை.

இடம் பார்த்தோம். சந்தின் கோடியில், பூட்டிக்கிடந்த ஒரு கிடங்குச் சுவரையொட்டி மேடான துண்டு நிலம். அதற்கு மேற்கே ஓர் அண்ணாச்சி டிரங்குப் பெட்டி செய்யும் பட்டறை வைத்திருந்தார். விஷயம் கேள்விப்பட்டதும் சுத்தியலோடு எழுந்து வந்தார். "எம் பட்டறைக்கு எதுக்க கக்கூசு கெட்டுவிய, நான் மூக்கப் பொத்திக்கிட்டு ஒத்தக் கையால பெட்டி அடிக்கணுமாக்கும்?" நியாயமான கேள்விதான். அவருக்குக் கடன் வைக்காத வீடு சந்தில் இல்லை. அவர் கூடாது என்றால் எந்தப் புருஷனும் மண்வெட்டியைத் தொடமாட்டான். பெண்கள் வாதாடிப் பார்த்தார்கள். நடக்கவில்லை. மே பிறந்துவிட்டது. அவள் காலையில் பலகையில் நடந்துகொண்டேயிருந்தாள்.

அவரிடம் மூன்று நாள் அவகாசம் கேட்டேன். அப்பா இந்த இடத்தில் இருந்தால் முதலில் என்ன கேட்டிருப்பார் என்று யோசித்தேன். கொள்ளையர் தலைவனும் அதையேதான் கேட்பான். காற்று.

மொட்டை மாடிக்குப் போய்க் கொடியை அவிழ்த்தேன். ஆறு வாரத் தையல். மனசு கொஞ்சம் அடித்துக்கொண்டது. ஒரு நீள மூங்கிலில் கட்டி, அந்த மேட்டின்மேல் நட்டுவைத்தேன். அண்ணாச்சி தள்ளியே நின்று பார்த்தார். "கரண்டுக் கம்பி எதும் பொதச்சிருக்கியளா?" பம்பாயில் மண்டையோட்டை அவர் மின்சாரப் பெட்டியில் மட்டுமே பார்த்தவர். அதனால் ஒரு லாபம். மூன்று நாளும் கொடிப் பக்கம் யாரும் கை வைக்கவில்லை.

காலையில் கொடி சோம்பிக் கிடக்கும். வெயில் ஏறினால் மெல்லப் புரண்டு கிழக்கே திரும்பும். மத்தியானம் கடல் காற்று வந்ததும் விறைத்து நின்று, சேற்றையும் நாணலையும் தாண்டி ரயில் தண்டவாளத்தைக் காட்டும். அண்ணாச்சி தகரம் தட்டுவார், தலையைத் தூக்கிக் கொடியைப் பார்ப்பார், மறுபடி தட்டுவார். அவர் பக்கம் அது திரும்புகிறதா என்று அவர்தான் காவல். நாலாம் நாள் நான் போனபோது, ஒரு தார் டிரம்மை உருட்டிவந்து அடியை வெட்டிக்கொண்டிருந்தார். "ஒம்ம கொடி எம் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கலியே" என்றார், ஏதோ மனத்தாங்கல் போல.

அப்புறம் எல்லாம் கப்பல் வேலை மாதிரி ஓடியது. வீட்டுக்கு ஒரு ஓட்டு என்று பேசி, பெண்களே சட்டம் போட்டார்கள்: ஒரு குவளை சாம்பல் கட்டாயம், கர்ப்பிணிக்கு வரிசை கிடையாது. ஆண்கள் மண் சுமந்தார்கள். அண்ணாச்சி தகரக் கதவு செய்து, டிரங்குப் பெட்டிக்குப் போடும் கொண்டியையே அதற்கும் வைத்தார். மாமா ஒன்பது பாராவில் இங்கிலீஷ் மனு எழுதி, பக்காக் கழிப்பிடம் கேட்டு, சனிக்கிழமைதோறும் குடையோடு வார்டு ஆபீஸுக்கு நடந்தார். போகிற வழியில் மேட்டோரம் இரண்டு வாழைக்கன்றும் ஒரு பப்பாளியும் நட்டார். "கடலோரத்துல ஒரு கொல்லை கெடைச்சுடுத்து பார்" என்று வாளியோடு நின்றவரைப் பார்த்தால், முப்பது வருஷ ஏக்கம் தெரியவில்லை.

கொடியைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவள் விடவில்லை. அதற்கு ஒரு வேலை வைத்திருந்தாள். நான் ஒரு வளையத்தில் கயிற்றைக் கோத்து, இழுத்தால் ஏறி நின்று, தளர்த்தினால் இறங்கும் முடிச்சைப் போட்டுக் கொடுத்தேன். உள்ளே போகிறவள் கயிற்றை இழுப்பாள், கொடி ஏறும். வெளியே வந்தால் இறக்கிவிடுவாள். மற்றவர்கள் வாசலில் போய் நின்று கூச்சப்பட வேண்டாம். அவரவர் வீட்டிலிருந்தபடியே எட்டிப் பார்த்தால் போதும். பகலில், எல்லோரும் பார்க்க, தலை நிமிர்ந்து பறந்தது என் கடற்கொள்ளைக் கொடி. அதன் பொருள்: ஆள் இருக்கிறது.

ஜூனில் மழை பிடித்தது. அந்த வருஷம் அவள் பலகையில் நடக்கவில்லை. ஆனி கடைசியில் பெண் குழந்தை. நாற்பது நாள் கழித்துச் சீனி கொடுக்கக் குழந்தையோடு வந்தாள். மூன்று மாடியும் ஏறி, நேரே மொட்டை மாடிக்குத்தான். பலகை என்ன ஆயிற்று என்று கேட்டேன். "அத ஒடச்சுத்தான்க்கா பிள்ளைக்குக் குளிக்க வெந்நி போட்டேன். நல்லா நின்னு எரிஞ்சிது" என்றாள்.

ஆபீஸில் பலகைக் கதையை மறுபடி கேட்டார்கள். வேறு கதை சொன்னேன். யாராவது அப்பாவைப் பற்றிக் கேட்க மாட்டார்களா என்று காத்திருந்து, கேட்டதும், அவர் வேலை என்னவென்று விவரமாகச் சொன்னேன். டிபன் டப்பாக்கள் கொஞ்சம் நகர்ந்தன. நகரட்டும்.

நடந்தது எல்லாவற்றையும் அப்பாவுக்கு ஆறு பக்கம் எழுதினேன், பிழையோடுதான். பீரங்கிப் படைப் பொய்யையும் எழுதினேன். இன்லண்டு லெட்டரில் பதில் வந்தது. கோபம் இல்லை, பாராட்டும் இல்லை. முழுத் தாளிலும் ஒரே வரி: 'காற்று எந்தப் பக்கம்?' கிழக்கே என்று எழுதிப் போட்டேன். அடுத்த கடிதத்தில், தான் நலம் என்றும், சரி என்றும் எழுதியிருந்தார். அவருடைய 'சரி'யை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

இரண்டு மழைக்காலம் கழித்து சிமெண்டுக் கழிப்பிடம் வந்தது. கொடி அதற்குள் வெளுத்துச் சாம்பல் நிறமாகி, மண்டையோட்டுக்கு ஒரு கண் போய்விட்டது. சிரிப்பு மட்டும் அப்படியே. இப்போது நான் இருக்கும் செம்பூர் வீட்டிலும் எனக்கு முடிச்சுகள் உண்டு, பாய்மரப் படங்கள் உண்டு, வருகிறவர்களை உட்கார வைத்துப் பேசும் கொள்ளையர் கதைகளும் உண்டு. 'கொள்ளை' என்று எழுத வரும்போதெல்லாம் 'ள'வுக்கு முன்னால் பேனா ஒரு நொடி நிற்கும். அன்று சரியாக எழுதியிருந்தால் அந்த மொட்டை மாடிக்கு யார் வந்திருப்பார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் நகரும். எங்கே எந்தக் கொடி பறந்தாலும், அது யாருடைய கொடி என்று நான் பார்ப்பதற்கு முன், காற்று எந்தப் பக்கம், அந்தப் பக்கத்தில் யார் வீடு இருக்கிறது என்றுதான் இப்போதும் என் கண் தேடுகிறது.